எழுநூறு மில்லிலீட்டருடன் பாலைவனத்துக்கு: ஹுர்காடாவில் விடுதி தேடிய கதை

பெப்ரவரியில் ஒஸ்லோப் பாடசாலைகளுக்கு ஒரு வாரம் குளிர்கால விடுமுறை. அந்த வாரம் வந்தால் எங்கள் ரொம்மன் பக்கத்தில் பாதிச் சனம் வெயில் தேடிப் பறந்துவிடும். நோர்வேக்காரர் இதற்கு ‘சீடன்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கே வெயிலும் கடலும் உள்ள எந்த ஊரானாலும் அவர்களுக்குச் சீடன்தான். நான் வேலை செய்யும் சிறுவர் பூங்காவில், அதாவது பாலர் பாடசாலையில், ஜனவரி முழுக்க இதே கதை: யார் எங்கே போகிறார்கள், எந்த விடுதியில் எத்தனை நீச்சல் குளம். இந்த வருடம் நானும் போனேன். ஆனால் கடலுக்காகப் போகவில்லை, பாலைவனத்துக்காகப் போனேன்.

காரணத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் வைத்தியசாலைக்குப் போய் நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு இணைந்திருப்பேன். அதற்குப் பெயர் டயாலிசிஸ். இடைப்பட்ட நாட்களில் நான் குடிப்பதெல்லாம் உடம்புக்குள்ளேயே நிற்கும். அதனால் எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிலீட்டர்தான் கணக்கு. தேநீர், ரசம், தயிர், மாத்திரை விழுங்கும் தண்ணீர், வாயில் போட்டுச் சூப்பும் ஐஸ்கட்டி எல்லாம் அதற்குள் அடக்கம்.

இப்படி அளந்து குடிக்கிறவளுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் நினைப்புத்தான். கடற்கரையில் ஆட்கள் கையில் குளிர்பானத்தோடு படுத்திருப்பதைப் பார்க்க எனக்கென்ன விசரா? தண்ணீரே இல்லாத ஓர் இடத்தில் ஒரு பொழுதாவது நிற்க வேண்டும், யாரும் எதுவும் குடிக்காத இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை சென்ற இலையுதிர் காலத்தில் எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு இறங்கவே இல்லை.

என் கணவர் குகன் ஒஸ்லோ நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறார். ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவரிடம் பாலைவனம் என்றதும், “வதனி, நீர் யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ? உமக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா மிஷின் வேணும். ஒட்டகத்திலயோ மிஷினைக் கட்டிக்கொண்டு போறது?” என்றார்.

“மிஷினுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு, விட்ட நாளில பாலைவனத்துக்குப் போய் வருவம்” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். மறுக்கவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

தமிழில் இதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இது மருத்துவ ஆலோசனை அல்ல. உங்கள் வைத்தியரைக் கேட்காமல் ஒரு துளியும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முதலில் ஊர். செங்கடல் ஓரத்தில் இருக்கும் எகிப்தின் ஹுர்காடாவை எடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஒஸ்லோவிலிருந்து நேரடி விமானம், கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலப் பறப்பு. ஐரோப்பியப் பயணிகளுக்கு டயாலிசிஸ் செய்து பழகிய நிலையங்கள் அங்கே உண்டு. ஊருக்குப் பின்புறமே பாலைவனம் தொடங்கிவிடுகிறது. கடலைப் பார்த்து நின்று அப்படியே திரும்பினால் செம்மண் நிற மலைகள் தெரியும்.

பொதுவாக ஆட்கள் விடுதியை முதலில் எடுத்துவிட்டு மற்றதை அதற்குள் பொருத்துவார்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். முதலில் சிகிச்சை நிலையம், பிறகு பாலைவனப் பாதை, கடைசியில்தான் விடுதி. எங்கள் வைத்தியசாலைத் தாதி இரண்டு மாதம் முன்னரே இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சிகிச்சை விபரங்களையும் அங்கே அனுப்பிவைத்தார். அனுப்பிய கையோடு ஒரு சிக்கல். திங்கள், புதன், வெள்ளி என்று கேட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை பூட்டு என்று பதில் வந்தது. முப்பது வருடம் நோர்வேயில் இருந்த புத்தி ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறெதையும் விடுமுறையாக நினைக்காது போலும். திரும்ப எழுதி ஞாயிறு, செவ்வாய், வியாழன், திரும்பி வரும் சனிக்கிழமை காலை என்று மாற்றிக்கொண்டோம். அதுவே நல்லதாய்ப் போயிற்று. திங்கள், புதன், வெள்ளி மூன்றும் பாலைவனத்துக்கு என்று விடுபட்டன.

மூன்று விடுதிகள் கடைசிவரை போட்டியில் நின்றன. முதலாவது தெற்கே நாற்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளி, ஏழு நீச்சல் குளம், நாள் முழுக்கக் குடிபானம் இலவசம். எழுநூறு மில்லிலீட்டர்க்காரிக்கு அளவில்லாத குடிபானம்! அதற்குக் காசு கட்டுவது மொட்டையருக்குச் சீப்பு வாங்கிக் கொடுப்பது போல. இரண்டாவது வடக்கே, வாய்க்கால்களும் பாலங்களுமாக அழகோ அழகு. ஆனால் சிகிச்சை முடிந்து தலை சுற்றுகிற நேரத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வாகனத்தில் வர எனக்கு மனமில்லை. மூன்றாவது ஊரின் தென்கரையில் இருந்த பழைய விடுதி. படங்களில் கம்பளம் மங்கலாகத் தெரிந்தது. சிகிச்சை நிலையம் வாடகைக்காரில் பத்து நிமிடம், பாலைவனத்துக்குத் திரும்பும் சாலை கால் மணித்தியாலம்.

நான் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பாலைவனச் சுற்றுலா போகிற எல்லோருக்கும் இது உதவும். சுற்றுலா வண்டிகள் விடுதி விடுதியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். தூரத்து விடுதிக்காரரை முதலில் ஏற்றி, கடைசியில் இறக்குவார்கள். பாலைவனச் சாலைக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கடைசியில் ஏற்றி முதலில் இறக்குவார்கள். ஒரு நாளில் ஒன்றரை மணித்தியாலம் மிச்சம். விடுதியின் வரைபடத்தைப் பார்க்கும்போது கடலுக்கு எத்தனை அடி என்று பார்க்காதீர்கள், சாலைத் திருப்பத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

விடுதிக்கு எழுதிக் கேட்டவை இவை: அறையில் உண்மையாகக் குளிரும் குளிர்சாதனப்பெட்டி உண்டா (என் ஊசி மருந்துக்கு), உப்பில்லாமல் அவித்த மரக்கறியும் சோறும் தருவார்களா, பாலைவனத்திலிருந்து பிந்தி வந்தால் இரவுச் சாப்பாடு எடுத்துவைப்பார்களா. மூன்றுக்கும் அடுத்த நாளே ஓம் என்று பதில் வந்தது. காலையும் இரவும் மட்டும் சாப்பாடு, விமானச் சீட்டும் சேர்த்து இருவருக்கு ஒரு வாரம் இருபத்திரண்டாயிரம் குரோனர். விடுமுறை வாரம் என்பதால் விலை அதிகம், வேறு வாரத்தில் குறையும்.

அடுத்த விடயத்தைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. என் நோயை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்கும் என் வேலையிடத்துக்கும் தெரியும், அவ்வளவுதான். மகளுக்குக் கல்யாணப் பேச்சு வருகிற வயது. “தாய்க்குக் கிட்னி பழுதாம், பிள்ளைக்கும் வருமோ?” என்று சனம் கதைக்கும் என்று இவர் பயந்தார். என் பயம் வேறு. எனக்கு ‘பாவம்’ என்ற சொல் பிடிக்காது. கோயில் மண்டபத்தில் நாலு பேர் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பாவம் என்று சொல்வதைக் கேட்பதைவிட இன்னொரு ஊசி குத்தலாம். கையில் ஊசி ஏற்றுகிற இடம் புடைத்துத் தெரியும் என்பதால் கோடையிலும் நீளக் கைச்சட்டைதான் போடுவேன். திங்கட்கிழமை காலையில் ரொம்மன் நிலையத்தில் கண்டு எங்கே போகிறாய் என்று கேட்பவர்களுக்கு இரண்டு வருடமாக ஒரே பதில்: வேலைக்கு.

ஞாயிறு காலை விடுதிச் சாப்பாட்டறையில் நாங்கள் கதைத்தது பக்கத்து மேசைக்குக் கேட்டுவிட்டது. “நீங்க தமிழா? ஸ்ரீலங்காவா?” என்று ஒரு பெண் எழுந்தே வந்துவிட்டாள். பெயர் தீபா. தமிழ்நாட்டுக்காரி, கணவன் கார்த்திக்கோடு ஒஸ்லோவில் கணினி வேலை. நாங்களும் ஒஸ்லோ என்றேன். “ஒஸ்லோல எங்கக்கா? ரொம்மனா! என் ஃப்ரெண்டு ஒருத்தி அங்கதான் இருக்கா!” என்றாள். நாலாயிரம் கிலோமீற்றர் வந்தும் ரொம்மன் பின்னாலேயே வந்துவிட்டது.

“இன்னிக்கு என்ன பிளான் அக்கா?” என்று கேட்டாள்.

“ஸ்பாவுக்குப் போறன்” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

“எவ்ளோ நேரம்?”

“நாலு மணித்தியாலம்.”

“நாலு மணி நேரமா! என்னக்கா பண்ணுவாங்க அவ்ளோ நேரம்? நானும் வரட்டுமா?”

இவர் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். பெண்களுக்கு மட்டும், இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று எதையோ சொல்லித் தப்பினேன்.

‘ஸ்பா’ நன்றாகவே இருந்தது. சுத்தமான நிலையம், ஜன்னலுக்கு வெளியே மலை. ஹாலா என்ற தாதி, என் வயதுக்காரி, ஊசி ஏற்றியது எறும்பு கடித்த அளவுக்குத்தான். அன்று பின்னேரம் நான் மணமகள் போல் நடந்து வந்தேன் என்று இவர் சொன்னார்.

திங்கள் முதல் பாலைவனப் பயணம். அரைநாள், ஆளுக்கு முப்பத்தைந்து யூரோ, பகல் ஒன்றேகாலுக்கு வண்டி. ஏறிப் பார்த்தால் உள்ளே தீபாவும் கார்த்திக்கும். ஒரே விடுதி, ஒரே முகவர், வேறென்ன நடக்கும்?

ஓட்டுநர் பெயர் மஹ்மூத். ஏறியதுமே ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலைக் கையில் திணித்தார். இங்கே ஓட்டுநருக்கு ஒரு கடமை உண்டு என்று பிறகு தெரிந்தது. பயணி ஒருவர் மயங்கி விழுந்தால் கேள்வி அவரிடம்தான் வரும். அதனால் போத்தல் கொடுத்தால் மட்டும் போதாது, குடித்ததைப் பார்க்கவும் வேண்டும். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். “மேடம், குடியுங்கள். பாலைவனம் விளையாட்டில்லை” என்று அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். யாரும் தண்ணீர் குடிக்காத இடம் தேடி வந்த என் புத்தியை என்ன சொல்ல! உலகத்திலேயே தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று ஆளை விரட்டுகிற இடம் பாலைவனம்தான்.

“அக்கா, நீங்க ஒண்ணுமே குடிக்கலையே. டிஹைட்ரேட் ஆயிடுவீங்க” என்று தீபாவும் சேர்ந்துகொண்டாள். நல்ல மனசு. காரணம் சொல்ல வழியில்லை. அவளுடைய சிநேகிதி ரொம்மனில். நான் போத்தலைத் திறந்து குடித்தேன்.

சாலையில் இருபது கிலோமீற்றர், அதன் பிறகு கல்லும் மணலுமான வெளியில் இன்னொரு இருபது. முதுகெலும்பு இடம் மாறிவிட்டதோ என்று தடவிப் பார்க்கும் அளவுக்குக் குலுக்கல். ஒரு மலையடிவாரத்தில் நாடோடிக் குடும்பமொன்றின் கூடாரத்தில் நிறுத்தினார்கள். தீபா தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த புளியோதரைப் பொடியை விடுதிச் சோற்றில் பிசைந்து கொண்டுவந்திருக்கிறாள், பக்கத்தில் மாங்காய் ஊறுகாய். எனக்கு உப்பும் புளியும் எவ்வளவு கூடாதோ அவ்வளவும் அதற்குள் இருந்தது. ஆசையாக நீட்டுகிற பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் ருசித்துச் சாப்பிட்டேன்.

கூடாரத்துப் பெரியவர் அபு சலீம் சிறிய கோப்பையில் இஞ்சி போட்ட கோப்பி ஊற்றித் தந்தார். எங்கள் வழக்கம் தெரியும்தானே, ஒரு வீட்டில் தந்த கோப்பியை மிச்சம் விட்டால் வீட்டுக்காரருக்கு மரியாதையில்லை. ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைப் பணிவாகக் கீழே வைத்தேன். அவர் உடனே இன்னும் ஊற்றினார். மீண்டும் குடித்தேன். மீண்டும் ஊற்றினார். மனுசன் விடுவதாயில்லை, நானும் மரியாதையை விடுவதாயில்லை. ஆறு கோப்பை. அதன் பிறகு பருப்பு சூப், செம்பருத்தித் தேநீர். இவர் மூலையிலிருந்து கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார், கடைசியில் “வதனி, போதும்” என்று மெல்லச் சொன்னார். தீபா திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

அன்று அந்தி சாய்வதைப் பார்த்தேனா என்று கேட்டால் பார்த்தேன். என்ன நிறம் என்று கேட்காதீர்கள். மனசுக்குள் மில்லிலீட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்கு வந்த பின் ஊறுகாய் தன் வேலையைக் காட்டியது. நாக்கு வறண்டு, குளியலறைக் குழாயில் இன்னும் இரண்டு கைத் தண்ணீர்.

செவ்வாய் காலை நிறுவையில் ஏறினேன். இரண்டு சிகிச்சைகளுக்கு இடையில் ஒன்றரைக் கிலோ ஏறினால் எனக்கு வழமை. அன்று மூன்று கிலோ நானூறு கிராம். ஹாலா நிறுவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடம், நீங்கள் பாலைவனத்துக்குப் போனீர்களா, கடலைக் குடித்தீர்களா?”

“வெக்கையாக இருந்தது” என்றேன்.

“நேற்று இருபத்திரண்டு பாகை. நீங்கள் வியர்த்திருக்கவே மாட்டீர்கள்.”

அவ்வளவு நீரையும் ஒரே இருப்பில் எடுக்கப் போனால் உடம்பு தாங்காது. மூன்றாவது மணித்தியாலத்தில் கெண்டைக்காலில் பிடித்தது பிடிப்பு, உயிர் போகிற வலி. இரத்த அழுத்தம் விழுந்து கண் இருண்டது. ஹாலா காலை அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்சத்தை எடுக்க அடுத்த நாளும் இரண்டு மணித்தியாலம் வரச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமைப் பயணம் போயிற்று. பழைய காலத்தில் ரோமர்கள் கல்லுடைத்த ஒரு பள்ளத்தாக்கு அது, இனி எப்போது பார்ப்பேனோ தெரியாது. வெள்ளிக்கிழமையும் வியாழனன்று எடை சரியாக இருந்தால்தான் என்றார் வைத்தியர்.

அறைக்குள் போனதும் இவர் தொடங்கினார். “போதும் வதனி. வெள்ளிக்கிழமை வேண்டாம். இஞ்சை இருந்து கடலைப் பாப்பம். ஒரு வெக்கத்துக்காக உயிரைக் குடுக்கிறதே?”

“நான் போறன்.”

“அங்கை அந்தப் பிள்ளை திரும்பவும் தரும். நீர் திரும்பவும் குடிப்பீர். எனக்குத் தெரியும் உம்மை.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வந்த கோபமில்லை. இரண்டு மாதம் எழுதி, நாள் மாற்றி, சாலைத் திருப்பம் பார்த்து விடுதி எடுத்தவள் நான். எல்லாவற்றையும் அளந்தேன், தூரம், நேரம், குளிர்சாதனப்பெட்டியின் குளிர்கூட. கடைசியில் ஒரு பெண்ணிடம் “எனக்கு ஏலாது” என்று சொல்ல வாய் வராமல் கவிழ்ந்திருக்கிறேன். கட்டிலில் கிடந்து அழுதேன். அழுகைக்கு மில்லிலீட்டர் கணக்கில்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

“நான் போறன், ஆனால் சொல்லிப்போட்டுப் போறன்” என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மகளின்ர கலியாணம்...” என்று இவர் தொடங்கினார். பிறகு தானே, “சொன்னாத்தான் என்ன. வருத்தம் விசாரிச்சு வாற மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாம்” என்றார். அந்த மனுசனை நான் கட்டிய காரணம் எனக்கு அப்போது மறுபடி ஞாபகம் வந்தது.

புதனும் வியாழனும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவித்த முட்டைக்கோவா, சோறு, எலுமிச்சைத் துண்டு. வியாழன் எடை சரியாக நின்றது. ஹாலா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். “நாளைக்குக் கடலை விட்டுவிடுங்கள்” என்றார்.

வெள்ளி பகல் இரண்டரைக்கு வண்டி வந்தது. இது அந்திக்குப் பிறகு நட்சத்திரமும் பார்க்கிற பயணம், கூடாரத்துக்கு அப்பால் இன்னும் பத்துக் கிலோமீற்றர் உள்ளே. அதே மஹ்மூத், அதே தீபா, அதே கார்த்திக். மஹ்மூத் போத்தலை நீட்டினார். நான் வாங்கவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன்.

முதலில் மஹ்மூத்திடம் ஆங்கிலத்தில் சொன்னேன், பிறகு தமிழில் தீபாவிடம். “எனக்குச் சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யேல்ல. ஸ்பா இல்லை பிள்ளை, டயாலிசிஸ். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. இண்டைக்குக் காலமையிலிருந்து சேர்த்து வச்சிருக்கிறன், இன்னும் முன்னூறு இருக்கு. அதைப் பாலைவனத்திலதான் குடிப்பன்.”

நான் ‘பாவம்’ என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன், தலை சாய்கிறதா என்று பார்த்தேன். தீபாவின் தலை சாயவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“அப்ப அன்னிக்கு நான் ஊறுகாயெல்லாம் குடுத்தேனே! வாயைத் தொறந்து சொல்ல மாட்டீங்களா? உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் ஆயுசுக்கும் என்னை மன்னிச்சிருப்பேனா?” என்று கண்கலங்கச் சத்தம் போட்டாள். நான் சொல்லாமல் விட்டதில் என் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு என் கையைக் காட்டி, “இதைத் தொடலாமா?” என்று கேட்டாள். புடைத்த இடத்தில் விரலை வைத்தாள். உள்ளே இரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியும், பூனை மடியில் கிடந்து உறுமுவது போல. “ஐயோ, உயிரோட இருக்கு!” என்று சிரித்துவிட்டாள்.

மஹ்மூத் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். “மேடம், முன்னால் வந்து உட்காருங்கள். அங்கே குலுக்கல் குறைவு. மற்றக் கையால் பிடித்துக்கொள்ளலாம்.” அன்று முழுக்க அவர் கண்ணாடியில் பார்க்கவில்லை.

வழியில் தீபா தன் போத்தலைப் பைக்குள் ஒளித்து வைத்தாள். “வெளியில எடுத்துக் குடியும் பிள்ளை” என்றேன். “எனக்கு முன்னால குடியாமல் இருக்கிறதுதான் பாவம் பாக்கிறது.” அவள் எடுத்துக் குடித்தாள், வேண்டுமென்றே சத்தமாக.

கூடாரத்தில் மஹ்மூத் அபு சலீமிடம் அரபியில் ஏதோ சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். கோப்பையில் அடி மூடும் அளவுக்குக் கோப்பி ஊற்றினார். மஹ்மூத் மொழிபெயர்த்தார்: இங்கே விருந்தாளிக்கு மரியாதை என்றால் கொஞ்சமாக ஊற்றுவதுதான். விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். போதுமென்றால் வெறுங் கோப்பையை இரண்டு தரம் அசைத்துக் கொடுக்க வேண்டும். அசைக்காமல் வைத்தால் இன்னும் கேட்கிறாய் என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். “திங்கட்கிழமை, இந்தப் பெண்ணுக்கு எத்தனை ஊற்றினாலும் போதவில்லையே என்று நானும் யோசித்தேன் என்கிறார்.” இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு பக்கமும் மரியாதை, நடுவில் என் ஆறு கோப்பை. ஒரு வாய் குடித்தேன். கோப்பையை அசைத்தேன். பெரியவர் நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொண்டார். எவ்வளவு சுலபம்.

பிறகு உள்ளே போனோம். வண்டியை நிறுத்தியதும் நான் மட்டும் கொஞ்சத் தூரம் தனியாக நடந்தேன். மணல் காலடியில் குளிர ஆரம்பித்திருந்தது. மலைகள் செங்கல் நிறத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்க் கறுத்தன. குழாய் இல்லை, கேத்தல் இல்லை, கோப்பை இல்லை, இயந்திரத்தின் பீப் சத்தம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு சொட்டுத் தண்ணீரில்லை, அந்த இடம் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல்தடவை, அரை மணித்தியாலம் நான் தண்ணீரை நினைக்கவில்லை. நட்சத்திரங்கள் வந்தபோது இவர் பக்கத்தில் வந்து நின்றார், அளவுக் கோடு போட்ட என் போத்தலை நீட்டினார். வாங்கி மிடறு மிடறாகக் குடித்தேன். முன்னூறில் எண்பது மிச்சம் வைத்தே விடுதிக்குத் திரும்பினேன். எட்டரைக்கு உப்பில்லாச் சோறு சுடச்சுட எடுத்துவைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை ஏறியிருந்த எடை ஒரு கிலோ இருநூறு கிராம். ஹாலா என்னைக் கட்டிப்பிடித்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். சிகிச்சை நிலையம் உறுதியாகும்வரை விமானச் சீட்டோ விடுதியோ எடுக்க வேண்டாம். அந்த ஊரில் எந்தக் கிழமை விடுமுறை என்று முதல் நாளே கேளுங்கள். சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள், நாட்டுக்கு நாடு மாறும். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெப்ரவரியில் பொழுதுபட்டால் பாலைவனம் குளிரும், தடித்த சுவெற்றர் வேண்டும். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் இருப்பவர்கள் பயணத்தால் பட்டியலில் ஏதும் மாறுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். நான் இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. திரும்பி வந்ததும் கிருமிப் பரிசோதனை முடியும்வரை எங்கள் வைத்தியசாலையில் என்னைத் தனியறையில் வைத்தார்கள், அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். விடுதியின் மங்கிய கம்பளம் நேரிலும் மங்கல்தான். மறுபடி போனாலும் அதே விடுதிதான்.

எல்லாவற்றுக்கும் முதல், வண்டியில் ஏறியதும் சொல்லிவிடுங்கள். ஓட்டுநருக்கும் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதற்கு நான் ஒரு பள்ளத்தாக்கை விலையாகக் கொடுத்தேன்.

கடைசியாக, ரொம்மனில் இதை வாசிக்கிறவர்களுக்கு. திங்கட்கிழமை காலையில் நிலையத்தில் என்னைக் கண்டு எங்கே போகிறாய் என்று கேட்பீர்களே, வேலைக்கு என்று நான் சொன்னது பொய். டயாலிசிஸுக்குப் போகிறேன். தனியறையிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. வாருங்கள், நாலு மணித்தியாலம் கதைக்கலாம். குடிக்க மட்டும் ஒன்றும் கொண்டுவராதீர்கள்.